கொடும்பாளூர் முச்சந்தியும் கிரேக்கத்துக் கள்ளத் தூதனும்



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்களைத் தேடி ஒருவர் வருகிறார். "உங்க அண்ணன்தான் அனுப்பிச்சார்" என்கிறார். அண்ணன் பேரைச் சரியாகச் சொல்கிறார். வீட்டு விஷயங்களையும் ஒன்றுவிடாமல் சொல்கிறார். நம்புவீர்களா, மாட்டீர்களா?

"இதென்ன பெரிய கேள்வி! அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சு போச்சு" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் அறை நண்பனும் அப்படித்தான் சொல்லுவான். போன வருஷம் ஒரு ராத்திரி அவன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. படித்து முடித்துப் போன சீனியர் ஒருவரின் போட்டோ. நம்பர் மட்டும் புதுசு. "நான்தான்டா தம்பி. பழைய நம்பர் போயிடுச்சு. அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். அவசரமா ஐயாயிரம் அனுப்பு, காலையில தர்றேன்." அந்த சீனியர் இவனுக்கு டிராயிங் சொல்லிக் கொடுத்தவர், மெஸ் பில் கட்டியவர். பையன் யோசிக்கவே இல்லை. செமஸ்டர் பீஸுக்கு அப்பா கொடுத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பிவிட்டான். காலையில் உண்மையான சீனியரிடம் பேசினால், "நான் எங்கேடா கேட்டேன்?" என்கிறார்!

இதற்குப் பிறகு நடந்தது இதைவிட மோசம். அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) தூது கொண்டு வருபவனே ஏமாற்றினால் என்ன செய்வது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தேடிப் படித்தபோது இரண்டு இடங்களில் போய் நின்றேன். ஒன்று கிரேக்கம். இன்னொன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கொடும்பாளூர்!

பாதரசத்துக்குப் பேர் கொடுத்தவன்

ஹைட்ராலிக்ஸ் லேபில் மானோமீட்டர் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆனால் தரையில் சிந்தினால் உருண்டு, சிதறி, ஓடியே போய்விடும். அதற்கு 'மெர்குரி' என்று பேர். சூரியனை 88 நாளில் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும் புதன் கிரகத்துக்கும் அதே பேர்தான். ரோமானியர்களின் தூதுக் கடவுள் மெர்குரி. கிரேக்கர்களின் ஹெர்மிஸும் அவனும் ஒருவனே என்று ரோமானியர்கள் கொண்டாடினார்கள். சிறகு முளைத்த செருப்பு, கையில் பாம்பு சுற்றிய கோல், ஓயாத ஓட்டம். இதுதான் ஹெர்மிஸ்.

தேவர்களின் அரசன் ஜீயஸின் செய்தியைக் கொண்டு போகிறவன் அவன். அதோடு வழிப்போக்கர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அவன்தான் தெய்வம். இன்னொரு கூட்டத்துக்கும் அவனே தெய்வம். யார் தெரியுமா? திருடர்கள்!

அவன் பிறந்த கதையைக் கேளுங்கள். விடியற்காலையில் ஒரு மலைக்குகையில் பிறக்கிறான். உச்சிவேளைக்குள் தொட்டிலை விட்டு இறங்கி, வாசலில் வந்த ஆமையின் ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்து வாசிக்கிறான். சாயங்காலம் பசி எடுக்கிறது. நேராகப் போய் அண்ணன் அப்பல்லோவின் 50 மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். அதிலும் ஒரு தந்திரம்: மாடுகளைப் பின்பக்கமாக நடக்க வைக்கிறான். குளம்படியைப் பார்த்தால், மாடு போன திசையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். தன் காலடி தெரியாமல் இருக்கத் தழைகளைப் பின்னிக் காலில் கட்டிக்கொள்கிறான். வேலை முடிந்ததும் தொட்டிலில் ஏறித் துணியைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளையாகப் படுத்துவிடுகிறான்.

அப்பல்லோ கண்டுபிடித்து, அப்பா ஜீயஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறான். "நேத்துப் பொறந்த பிள்ளை மாடு திருடுமா?" என்று வாதாடுகிறான் ஹெர்மிஸ். ஜீயஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாட்டைத் திருப்பிக் கொடு என்கிறார். ஹெர்மிஸ் யாழைக் கொடுத்து அண்ணனைச் சமாதானப்படுத்துகிறான். இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிடுகிறார்கள்.

திருடனுக்கு ஏன் தூதுவேலை?

இது நமக்குப் புதிராகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் கிரேக்கர்கள் கெட்டிக்காரர்கள் என்று தெரியும். செய்தியை அனுப்பியவர் ஒரு ஊரில், வாங்குகிறவர் இன்னொரு ஊரில். நடுவில் இருக்கிற தூதனிடம்தான் இரண்டு பேருடைய விஷயமும் இருக்கிறது. அவன் ஒரு வார்த்தையைக் கூட்டினாலும் குறைத்தாலும் யாருக்குத் தெரியும்? நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஏமாற்றவும் வசதி இருக்கிறது. வழி காட்டுகிறவன் நினைத்தால் வழி தப்பவும் வைக்கலாம். ஆகவே இரண்டையும் ஒரே கடவுளிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஹெர்மிஸ் நல்லதும் செய்திருக்கிறான். ஹோமரின் ஒடிசி காவியத்தில், தன் ஆட்களைப் பன்றிகளாக மாற்றிவிட்ட மாயக்காரி கிர்க்கியின் வீட்டுக்கு ஒடிசியஸ் தனியாகப் போகிறான். பாதி வழியில் இளைஞன் ஒருவன் எதிரே வந்து, "அவள் தரும் பானத்தில் மருந்து இருக்கும், ஜாக்கிரதை" என்று எச்சரித்து, மாற்று மூலிகை ஒன்றைப் பிடுங்கிக் கொடுக்கிறான். அந்த இளைஞன் ஹெர்மிஸ்தான்.

கிரேக்க நாட்டில் சாலை ஓரங்களிலும் வீட்டு வாசல்களிலும் அவனுக்குக் கல் நட்டு வைத்திருந்தார்கள். சதுரக் கல்தூண், உச்சியில் ஹெர்மிஸின் தலை. நம் ஊர் எல்லையில் அய்யனார் காவல் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கி.மு. 415-ல் ஏதென்ஸ் நகரம் சிசிலித் தீவின் மேல் பெரிய படையெடுப்புக்குத் தயாராக இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், நகரத்தின் ஹெர்மிஸ் கற்கள் பெரும்பாலானவற்றின் முகத்தை யாரோ இரவோடு இரவாக உடைத்திருந்தார்கள். ஊரே பதறியது. "அவன்தான் செய்தான், இவன்தான் செய்தான்" என்று ஆளாளுக்குத் தகவல் கொண்டு வந்தார்கள். தகவல் சொன்னவன் யோக்கியனா என்று பார்க்காமலே பலரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், சிலரைக் கொன்றார்கள். இதை எழுதி வைத்தவர் அதே காலத்தில் வாழ்ந்த சரித்திர ஆசிரியர் துசிடிடிஸ். படைத்தலைவர்களில் ஒருவனான அல்சிபியாடிஸையே அந்தக் கலவரத்தில் எழுந்த புகாருக்காகத் திரும்பி வரச் சொன்னார்கள். அவன் வழியிலேயே தப்பி, எதிரி நாடான ஸ்பார்ட்டாவில் போய்ச் சேர்ந்துகொண்டான். கி.மு. 413-ல் ஏதென்ஸின் அந்தப் படையே அழிந்தது. தூதுக் கடவுளின் முகம் உடைந்தது ஒரு இரவில். சோதிக்காத பேச்சு செய்த சேதம் அதைவிட ரொம்பப் பெரியது!

நம்ம நாரதர்

"நம்மகிட்ட நாரதர் இருக்காரே" என்று கேட்பீர்கள். இருக்கிறார். அவரும் மூன்று உலகமும் சுற்றுகிறவர், கையில் வீணை வைத்திருப்பவர். 1941-ல் வந்த 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியே நாரதர் வேஷம் போட்டார் என்றால் அந்தப் பாத்திரத்தின் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் ஒரு வித்தியாசம். நாரதர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. உண்மையைத்தான் சொல்வார், யாரிடம் சொன்னால் பற்றிக்கொள்ளுமோ அவரிடம் சொல்வார். கண்ணன் தேவகியின் பிள்ளை என்று கம்சனிடம் சொன்னது அவர்தான். அது கம்சனின் முடிவில் போய் நின்றது. அதனால்தான் நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்கிறோம். பொய் வேஷம் போட்டு வந்த தூதைப் பார்க்க வேண்டுமானால் நாம் கொடும்பாளூருக்குப் போக வேண்டும்.

கொடும்பாளூர் முச்சந்தி

திருச்சியிலிருந்து மதுரை பஸ்ஸில் ஏறினால் விராலிமலை தாண்டியதும் கொடும்பாளூர். நாற்கரச் சாலையில் பஸ் பறக்கிற வேகத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். உள்ளே போனால் மூவர் கோயில் இருக்கிறது. சுமார் 1100 வருஷத்துக்கு முன் இருக்குவேள் அரசன் பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பேரிலும் கட்டிய மூன்று கற்கோயில்கள். இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். சிவில் படிக்கும் நண்பர்கள் ஒருமுறையாவது போய், சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருந்தியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோயிலுக்கும் பல நூறு வருஷம் முந்தியது நான் சொல்ல வந்த கதை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை விட்டுத் தெற்கே நடக்கிறார்கள். ஒரு சோலையில் மாங்காட்டு ஊர் மறையவர் ஒருவரைச் சந்திக்கிறார்கள். அவர் பாண்டிய நாட்டுப் பக்கமிருந்து திருவரங்கமும் வேங்கடமும் பார்க்க வருகிறவர். "மதுரைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கிறான் கோவலன். அவர் சொல்கிறார்: கொடும்பையின் பெரிய குளத்தைத் தாண்டினால் பாதை சிவனுடைய சூலம் போல மூன்றாகப் பிரியும். அந்தக் கொடும்பைதான் நம் கொடும்பாளூர் என்பது அறிஞர்கள் கருத்து.

வலது பாதை சிறுமலைப் பக்கமாகப் போகும். இடது பாதை அழகர் மலைப் பக்கம். அங்கே அதிசயப் பொய்கைகளும் பிலமும் உண்டு. நடுப்பாதைதான் நல்ல பாதை. ஆனால் ஒரு ஆபத்து. அந்தக் காட்டில் ஒரு தெய்வம் இருக்கிறது. பயமுறுத்தாது, அடிக்காது. இனிமையாக வந்து பேசி, போகிறவரை நிறுத்திவிடும்!

பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது. நடுப்பாதையில் போகும்போது தண்ணீர் தேடிக் கோவலன் ஒரு பொய்கைக் கரையில் தனியாக நிற்கிறான். அவன் மேல் ஆசைப்பட்ட காட்டுத் தெய்வம் எதிரே வருகிறது. என்ன வேஷத்தில்? மாதவியின் தோழி வயந்தமாலையின் வேஷத்தில்!

இந்த வேஷத்தின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். வயந்தமாலை சாதாரணத் தோழி இல்லை. புகாரில் மாதவி தாழை மடலில் எழுதிய கடிதத்தைக் கோவலனிடம் கொண்டு வந்தவளே அவள்தான். அன்று அவன் கடிதத்தை வாங்க மறுத்து அவளைத் திருப்பி அனுப்பினான். அந்தக் குத்தல் அவன் மனசில் இருக்கிறது. தெய்வம் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. காலில் விழுந்து அழுகிறது. "அன்னைக்கு நான் என்னமோ தப்பாச் சொல்லிட்டேன்னு மாதவி என்னை விரட்டிட்டா. நீங்க மதுரைக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டு வணிகர் கூட்டத்தோட தனியா வந்தேன்" என்கிற பாணியில் பேசுகிறது. பேர் சரி, முகம் சரி, பழைய சம்பவமும் சரி. என் நண்பனுக்கு வந்த செய்தி ஞாபகம் வருகிறதா?

கோவலன் என்ன செய்தான்? உருகவும் இல்லை, விரட்டவும் இல்லை. "இந்தக் காட்டில் மயக்கும் தெய்வம் உண்டு" என்று மறையவர் சொன்னதை நினைத்துப் பார்த்தான். இவள் யாரென்று தெரிந்துகொள்ள, தனக்குத் தெரிந்த பாய்கலைப் பாவை மந்திரத்தைச் சொன்னான். உடனே வேஷம் கலைந்தது. "நான் வனசாரிணி. நான் செய்ததைக் கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் சொல்லிவிடாதே" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டது. கோவலன் தாமரை இலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

வழியில் எச்சரிக்கிற வேலை, வேஷம் போட்டு ஏமாற்றுகிற வேலை இரண்டையும் கிரேக்கர்கள் ஒரே ஹெர்மிஸுக்குக் கொடுத்தார்கள். இளங்கோவடிகள் அதைப் பிரித்து, எச்சரிக்கையை மாங்காட்டு மறையவரிடமும் ஏமாற்றை வனசாரிணியிடமும் கொடுத்தார். இரண்டில் எதை நம்புவது என்று முடிவு செய்கிற வேலையைக் கோவலனிடம், அதாவது மனுஷனிடம் விட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் உண்மையான தூதன் ஒருவனும் வருகிறான். மாதவியின் இரண்டாவது கடிதத்தோடு தேடி அலைகிற கோசிகன். நடந்து மெலிந்த கோவலனை அவனுக்குச் சரியாக அடையாளம் தெரியவில்லை. நேரே போய்க் கடிதத்தை நீட்டினானா? இல்லை. பக்கத்தில் வாடிக் கிடந்த மாதவிக் கொடியைப் பார்த்து, "கோவலன் பிரிந்த மாதவி மாதிரி நீயும் வாடினாயோ" என்று பேசுகிறான். கோவலன் காதில் விழ, அவனே விசாரிக்கிறான். அதற்குப் பிறகுதான் கடிதம் கை மாறுகிறது. நல்ல தூதனும் சோதித்துத்தான் கொடுக்கிறான், பார்த்தீர்களா?

மதுரையில் நடந்தது

காட்டில் அவ்வளவு விழிப்பாக இருந்த கோவலன், மதுரைத் தெருவில் அரண்மனைப் பொற்கொல்லனைப் பார்த்ததும் நம்பிவிட்டான். ஏற்கெனவே அரசியின் சிலம்பைத் திருடியிருந்தவன் அந்தப் பொற்கொல்லன்தான். "இங்கேயே இருங்கள், அரசனிடம் சொல்லி வருகிறேன்" என்று தூது போகிறவன் மாதிரிப் போனான். அரசனிடம், "சிலம்பைத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான்" என்றான். ஊடலில் இருந்த தேவியைச் சமாதானப்படுத்த அவசரமாகப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், சிலம்பு கையில் இருந்தால் கொன்று கொண்டு வரச் சொன்னான்.

காவலர்களுக்குச் சந்தேகம் வந்தது. "இவனைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியலையே" என்றார்கள். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டுத் துணையையும் பாடம் நடத்தினான். கூடவே ஒரு கதை: ஒரு திருடன் பகலில் தூதன் வேஷத்தில் அரண்மனை வாசலில் நின்று, இரவில் பெண் வேஷத்தில் உள்ளே புகுந்து, தூங்கிய இளவரசனின் ஆரத்தைக் கொண்டு போனானாம். தூதனும் திருடனும் ஒரே ஆள்! கிரேக்கத்து ஹெர்மிஸை மதுரைப் பொற்கொல்லன் வாயில் கேட்ட மாதிரி எனக்கு மயிர்க்கூச்சு எடுத்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முரடன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

கண்ணகி வந்து கேட்ட பிறகுதான் சோதனை நடந்தது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அதை உடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. நாம் லேபில் ஒரு கான்கிரீட் கட்டியை 28 நாள் ஊற வைத்து, நசுக்கிப் பார்த்துவிட்டுத்தானே கணக்கு எழுதுகிறோம்? கட்டிடம் விழுந்த பிறகு கட்டியைச் சோதித்து என்ன பிரயோஜனம்?

எங்கள் அறையில் நடந்தது

இப்போது என் நண்பன் கதைக்கு வருகிறேன். பணம் போன மறுநாளே விடுதியில் ஒரு பேச்சு கிளம்பியது. "ஏமாந்தேன்னு சும்மா கதை விடுறான்டா. பீஸ் பணத்தை அவனே செலவு பண்ணிட்டான்." யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ சொன்னவர்களில் நானும் ஒருவன். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே, "அப்படியாம் மாப்ள" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. அது அவன் ஊர்க்காரப் பையன் ஒருவன் மூலமாக அவன் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வந்து, எல்லார் முன்னாலும் அவனைக் கேட்காத கேள்வி கேட்டார். பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன் மூன்று வாரம் திரும்பவில்லை. படிப்பையே விட்டுவிடுவதாக இருந்தான்.

அந்தச் செய்தியும், பணம் போன கணக்கும் அவன் போனிலேயே இருந்தது. "காட்டுடா பார்ப்போம்" என்று ஒருத்தன் கேட்டிருந்தால் அரை நிமிஷம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நானே கேட்கவில்லை. அவனை ஏமாற்றியவன் முகம் தெரியாத எவனோ ஒருவன். அவனைத் திருடன் ஆக்கியவர்கள் நாங்கள். பிறகு அவன் ஊருக்குப் போய், அவன் அப்பாவிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது திரும்பி வந்து அதே அறையில்தான் இருக்கிறான்.

திருடனிடம் கேட்ட அரசன்

கொடும்பாளூருக்கு இன்னொரு கதை உண்டு. 63 நாயன்மார்களில் ஒருவரான இடங்கழி நாயனார் அந்த ஊர் அரசர். அடியார்களுக்குச் சோறு போட்டுவந்த ஒருவர், கையில் ஒன்றுமில்லாமல் போகவே நடுராத்திரியில் அரசருடைய நெற்களஞ்சியத்தில் புகுந்து திருடினார். காவலர்கள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன். அரசர் நினைத்திருந்தால் அந்த நிமிஷமே தண்டித்திருக்கலாம். ஆனால் அவர், "ஏன் எடுத்தாய்?" என்று கேட்டார். காரணம் தெரிந்ததும் அவரை விட்டது மட்டுமல்ல, களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

ஹெர்மிஸ் தூதருக்கும் கடவுள், திருடருக்கும் கடவுள். இரண்டு பேரையும் எப்படி எதிர்கொள்வது என்பதற்குக் கொடும்பாளூர் ஒரே வழியைத்தான் காட்டுகிறது. முச்சந்தி தாண்டிய காட்டில் கோவலன் தூது வந்தவளைச் சோதித்தான், பிழைத்தான். அரண்மனையில் இடங்கழியார் திருடனைக் கேட்டார். ஒரு உயிர் பிழைத்தது. மதுரையில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

நண்பர்களே! நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இப்போது ஒரு வயந்தமாலை இருக்கிறாள். நல்ல செய்தியும் கொண்டு வருவாள், வேஷம் போட்டும் வருவாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்புங்கள். அடுத்தவனைப் பற்றி ஒரு பேச்சு உங்களிடம் வந்தால், அதைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளும் முன், அவனையே போய்க் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த முறை மதுரை பஸ்ஸில் போகும்போது, விராலிமலை தாண்டியதும் ஜன்னல் வழியே ஒருதரம் எட்டிப் பாருங்கள். பாதை அங்கேதான் மூன்றாகப் பிரிந்ததாம்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை